ஈரம் இருக்கும் வரை கரையான் இருக்கும்



மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்டால், அம்மா மண்டபம் படித்துறைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவது நம் திருச்சி வழக்கம். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் அப்படியே கொல்லைக் கிணற்றையும் எட்டிப் பாருங்கள். அங்கேயும் தண்ணீர் ஏறியிருக்கும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஆற்று மணலும் வண்டலும் படிந்த தீவு. திருவானைக்காவலில் கருவறைக்குள்ளேயே நீர் ஊறுகிறது. அந்த மண்ணில்தான் நாமும் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். ஆகவே கரையானைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான், பெரும்பாலும் ஈரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். இந்தத் தொழிலில் உறுதியாகத் தெரிந்துகொண்டது இது: ஈரத்தை நிறுத்தாமல் கரையானை நிறுத்த முடியாது.

கரையானுக்குத் தோல் மெல்லியது. எறும்புபோல் வெயிலிலும் காற்றிலும் நடமாடினால் உடம்பு வற்றிச் செத்துவிடும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்து, சுவரில் பென்சில் கனத்துக்கு ஒரு குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே போய்வருகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு மண்கோடு இருந்தால், நடுவில் ஓர் அங்குலம் மட்டும் சுரண்டிவிட்டு விடுங்கள். சில நாளில் திரும்ப அடைத்திருந்தால் உள்ளே போக்குவரத்து நடக்கிறது என்று அர்த்தம். அடைத்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று ஈரமாக இருக்கும். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

ஸ்ரீரங்கம் உத்திர வீதிப் பக்கம் ஒரு வீட்டில், மருந்து அடித்து அடித்துப் பார்த்தும் பூஜை அறை நிலையில் கரையான் திரும்பத் திரும்ப வந்தது. நிலையைத் தட்டினேன், டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். பெயிண்ட் மட்டும் தோலாக நிற்கிறது, உள்ளே மரமே இல்லை. பின்பக்கச் சுவர் அடுப்படிச் சுவர். அங்கே தொட்டித் தண்ணீர் போகும் குழாய், டைல்ஸுக்கு அடியில் விரிசல் விட்டுக் கிடந்தது. குழாயை மாற்றி, சுவரை நன்றாகக் காயவிட்டு, பிறகு மருந்து வைத்தோம். அதன்பின் அங்கே மண்கோடு வரவில்லை.

இன்னொரு வீட்டில் நவராத்திரிக்குக் கொலுப்பெட்டியைத் திறந்த அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். காகிதக்கூழ் பொம்மைகள். மேலே வர்ணம் அப்படியே இருக்கிறது. தூக்கினால் கனமில்லை, கவிழ்த்தால் மண் கொட்டுகிறது. பெட்டி இருந்த இடம் குளியலறைச் சுவரை ஒட்டிய தரை. தாய்மார்களே, அட்டைப்பெட்டி, பழைய பேப்பர், விறகு எதையும் சுவரோடு ஒட்டித் தரையில் வைக்காதீர்கள். நாலு விரல் இடைவெளி விட்டு, இரும்பு ஸ்டாண்டின் மேல் வையுங்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை வீதியில் பழைய வீடு எதற்குள்ளாவது போக வாய்த்தால், கூடத்துத் தூணின் அடியைக் குனிந்து பாருங்கள். மரத்தூண் தரையைத் தொடாது. ஒரு கல் பீடத்தின் மேல் நிற்கும். தரை ஈரம் கல்லைத் தாண்டி மரத்துக்கு ஏறுவது கடினம். கரையான் வந்தாலும் கல்லின் வெளிப்பக்கமாகத்தான் ஏற வேண்டும். ஏறினால் பெருக்குகிறவர் கண்ணில் பட்டுவிடும். அடுத்தது முற்றம். மேலே திறந்த வெளி, தினமும் வெயில் விழும், சூடான காற்று மேலே போகும், விழுந்த மழை நீர் கல் பாவிய சரிவில் ஓடி வெளியேறும். சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. சுவர் உறிஞ்சிய ஈரம் அதன் வழியாகக் காற்றில் ஆறிப்போகும். நிலைக்கும் கதவுக்கும் வைரம் பாய்ந்த தேக்கு. மருந்தே இல்லாத காலத்தில் கொத்தனாரும் தச்சரும் கண்ட வழி இது. நான் இன்றைக்கும் இதைப் பார்த்து வியக்கிறேன்.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? முற்றத்தை ஷீட் போட்டு மூடுகிறோம். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசி, அதன்மேல் எனாமல் பெயிண்ட் அடிக்கிறோம். ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே மேலே ஏறுகிறது. வீதியோ தார் மேல் தார் போட்டு உயர்ந்துவிட்டது. படியேறிப் போன வீடுகளுக்குள் இன்று இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் வாசலிலேயே தேங்கி அஸ்திவாரத்தை நனைக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். உங்கள் வீதியில் வேலை நடக்கும்போது அதை எடுத்துச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

  நம் வீடுகளில் தரைக்கு அடியில் மண் போட்டு நிரப்பிவிடுகிறோம். புதிதாகக் கட்டுகிறவர்கள், குறிப்பாகத் தில்லைநகர் போல வயலாக இருந்து மனையான இடங்களில் கட்டுகிறவர்கள், நிரப்பும் மண்ணில் கரையானுக்கு இரையாகும் வேரும் சென்ட்ரிங் கட்டையும் கிடக்காமல் பொறுக்கி எடுங்கள்.

மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரையான் தடுப்புக்கு ஐ.எஸ். 6313 என்று இந்தியத் தரம் ஒன்று இருக்கிறது, மூன்று பகுதிகளாக. முதல் பகுதி முழுக்கக் கட்டுமான முறை பற்றியது. மருந்து அடுத்த இரண்டில்தான் வருகிறது. குடியிருக்கும் வீட்டில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு, குளோர்பைரிபாஸ் அல்லது இமிடாகுளோபிரிட் கரைசலை இறக்குவார்கள். கிணறோ போர்வெல்லோ பக்கத்தில் இருந்தால் வேலை தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். நம் தீவில் குடிதண்ணீர் வெகு ஆழத்தில் இல்லை.

நேரம் நெருங்குகிறது. ஒழுகும் குழாயை உடனே மாற்றுங்கள். ஏ.சி. தண்ணீரும் மாடித் தண்ணீரும் சுவரோரம் விழாமல் தள்ளி விடுங்கள். முற்றத்தைத் திறந்து வையுங்கள். மருந்து அதற்குப் பிறகு. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. உங்கள் வீட்டு நிலையும் கதவும் பேரப்பிள்ளைகள் காலம் வரை உறுதியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.