வளரும் முதுகெலும்பும் வளைக்கும் விசையும்

பின்புறமிருந்து நோக்கினால் நேர்கோடாகத் தெரிய வேண்டிய முதுகெலும்பு, வளரிளம் பருவத்தில் சிலருக்கு ஒரு பக்கமாக வளைந்து போகிறது. ஸ்கோலியோசிஸ் எனப்படும் இப்பக்கவளைவு, எக்ஸ்ரே படத்தில் 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் குறைபாடாகக் கொள்ளப்படும். வளைவின் இரு முனைகளிலும் மிகுதியாகச் சாய்ந்துள்ள முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடுகள் வரைந்து, அவற்றுக்கிடையேயான கோணத்தை அளக்கும் இம்முறையை 1948-இல் வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் ஜான் காப்.

ஆனால் தட்டையான படம் காட்டுவது ஒரு முகத்தை மட்டுமே. முள்ளெலும்புகள் பக்கவாட்டில் விலகுவதோடு தம் அச்சிலேயே திருகவும் செய்கின்றன. அவற்றோடு பிணைந்த விலா எலும்புகளும் உடன் திரும்புவதால், வளைவு புடைத்த பக்கத்தில் முதுகு மேடிடுகிறது. பிள்ளையை முழங்கால் மடக்காமல் முன்குனியச் செய்து, கைகளைத் தளரத் தொங்கவிட்டு, முதுகின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பின்னாலிருந்து பார்த்தால், நிமிர்ந்து நிற்கையில் சட்டைக்குள் மறைந்திருந்த அந்த மேடு புலப்பட்டுவிடும்.

முள்ளெலும்பின் மேலும் கீழும் வளர்ச்சித் தட்டுகள், அதாவது புதிய எலும்பை உருவாக்கும் குருத்தெலும்புப் படலங்கள் உள்ளன. அழுத்தம் மிகுந்தால் அவற்றின் வளர்ச்சி மந்தமாகும், அழுத்தம் தளர்ந்தால் விரைவாகும் என்பது ஹ்யூட்டர்–வோல்க்மன் விதி. தண்டு சற்றே வளைந்தவுடன் உடலின் எடை வளைவின் உட்புறத்தில் மிகுதியாக இறங்குவதால் அப்பக்கம் வளர்ச்சி குன்ற, வெளிப்புறம் உயர்ந்து, எலும்பு ஆப்பு வடிவம் கொள்கிறது. அவ்வடிவம் வளைவைக் கூட்ட, கூடிய வளைவு அழுத்தத்தை மேலும் ஒருபக்கமாக்குகிறது. முதல் வளைவின் காரணம் பெரும்பாலோரிடம் இன்னும் துலங்கவில்லை. புத்தகப் பையோ கூனி உட்காரும் வழக்கமோ இதற்குக் காரணம் என்பதற்குச் சான்றில்லை. ஆகவே 'நிமிர்ந்து உட்கார்' என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது, அதன் மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்துவதாகும்.

பிரேஸ் என்னும் உடற்கவசம் இதே விதியை எதிர்த்திசையில் பயன்படுத்துகிறது. புடைத்த பக்கத்தில் ஓரிடத்திலும், எதிர்ப்பக்கத்தில் அதற்கு மேலும் கீழுமாக ஈரிடங்களிலும் அழுத்தி, உட்புறத் தட்டுகளின் மீதான சுமையை அது தளர்த்துகிறது. 2013-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில், கவசம் அணிந்தோரில் 72 சதவீதத்தினருக்கும், அணியாதோரில் 48 சதவீதத்தினருக்கும், எலும்பு வளர்ச்சி முடியும் வரை வளைவு 50 பாகையை எட்டவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தோரில் 90 சதவீதத்துக்குக் குறையாதோர் இப்பயனைப் பெற்றனர். தட்டுகள் மூடிவிட்டால் கவசத்தால் பயனில்லை. பெண் பிள்ளைகளின் உயரம் மிக வேகமாகக் கூடுவது பெரும்பாலும் பூப்பெய்துவதற்கு முந்தைய மாதங்களில் என்பதால், குனிய வைத்துப் பார்க்கும் சோதனையை அதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.