கூடி ஓடுதல்

சப்ரகமுவத் தோட்டங்களில் பொழுது புலருமுன்பே கால்கள் விழித்துக்கொள்கின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர் மலைகளில் பால் வெட்டுவோர் இருள் பிரியும் வேளையிலேயே மரத்துக்கு மரம் விரைகின்றனர். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஒருவர் பங்கிற்கு ஏறக்குறைய 300 மரங்கள். வெட்டுவதற்கு ஒரு சுற்று, வடிந்த பாலைச் சேர்ப்பதற்கு மறு சுற்று. தேயிலை மலைகளிலோ பெண்கள் கொழுந்துச் சுமையோடு நாள் முழுவதும் சரிவுகளில் ஏறி இறங்குகின்றனர்.

இத்தகைய மக்களிடம் சென்று, "வாரத்தில் ஒரு நாள் கூடி ஓடுங்கள்" என்று சொன்னால் அவர்கள் நகைக்க மாட்டார்களா? உழைத்துக் களைத்தவருக்கு வேண்டுவது ஓய்வன்றோ?

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடையும் உண்டு. முதலாவதாக, தோட்டத்தில் வாழ்வோர் அனைவரும் இன்று மலையில் வேலை செய்வோர் அல்லர். கடையிலும் அலுவலகத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நாள் முழுவதும் நின்றோ அமர்ந்தோ பணியாற்றுவோர் பலர். வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போ, அதில் பாதி நேரம் கடுமையான உடலுழைப்போ மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்துரைத்தது. இருதயத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் ஓட்டம் செய்யும் நன்மையை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே எடுத்துரைத்து வருகின்றனர்.

எனினும் உடல் நலத்தினும் ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. தோட்டத்துப் பேச்சில் ஒரு நாட் கூலிக்குப் "பேர்" என்று பெயர். குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர். உடல் எவ்வளவு வருந்தியது என்பதன்று அங்கே கணக்கு; தராசு காட்டியது எவ்வளவு என்பதே கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய மூதாதையர், காட்டு வழியே நாட்கணக்காக நடந்து மலைநாடு சேர்ந்தனர். அந்த நடையும் பிறருடைய தேவைக்காக நடந்த நடையே. தலைமுறை தலைமுறையாகப் பிறர் கணக்கில் நடந்த கால்கள், வாரத்தில் ஒரு மணி நேரம் தம் கணக்கில் ஓடினால் அது சிறிய காரியமா?

கூடி ஓடும் வழக்கத்தின் வரலாற்றிலும் இறப்பர் தோட்டத்துக்கு ஓர் இடமுண்டு. 1938 இல் கோலாலம்பூரில் கிஸ்பெர்ட் என்னும் கணக்காளரும் அவருடைய நண்பர்கள் சிலரும் வாரந்தோறும் திங்கட்கிழமை மாலையில் ஓடத் தொடங்கினர். "ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்" என்பது அக்குழுவின் பெயர். ஒருவர் முயலாக முன்னே சென்று காகிதத் துண்டுகளைத் தூவி வழி அமைப்பார்; மற்றவர் வேட்டை நாய்களாக அத்தடத்தைத் தேடிப் பின்தொடர்வர். நகரைச் சூழ்ந்த இறப்பர் தோட்டங்களினூடாக அவர்களுடைய தடங்கள் சென்றன. அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் தமிழர் மிகப் பலர். ஆனால் ஓடியவர்கள் வெள்ளையர். ஒரே மரத்தடியில் ஒரு சாராருக்கு வேலை, மறு சாராருக்கு விளையாட்டு. கிஸ்பெர்ட் 1942 இல் சிங்கப்பூர்ப் போரில் உயிரிழந்தார். போருக்குப்பின் நண்பர்கள் ஓட்டத்தைத் தொடர்ந்தனர். இன்று அவ்வழக்கம் இன வேறுபாடின்றி உலகெங்கும் பரவியிருக்கிறது.

அந்த ஆட்டத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தடம் இடையிடையே அறுந்துபோகும்படி அமைக்கப்படும். முன்னே ஓடியவர்கள் நாற்புறமும் அலைந்து வழி தேடுவதற்குள் பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். வேகமுள்ளவர் தேட, வேகமில்லாதவர் சேர்ந்துகொள்ள, கூட்டம் மீண்டும் ஒன்றாகும்.

இதே எண்ணம் வேறொரு வடிவில் இலண்டனிலும் தோன்றியது. 2004 அக்டோபரில் புஷி பூங்காவில் 13 பேர் ஓடிய ஓட்டம், "பார்க்ரன்" என்னும் பெயரில் பல நாடுகளுக்குச் சென்றது. சனிக்கிழமைதோறும் 5 கிலோமீற்றர்; கட்டணம் இல்லை. தொண்டர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசி இடம் அவருடையது. ஆதலால் ஓட வந்தவர் எவரும் கடைசியாவதில்லை. சென்னையிலும் "சென்னை ரன்னர்ஸ்" என்னும் அமைப்பினர் பேட்டைதோறும் கிளைகளாக அதிகாலையில் கூடி ஓடுகின்றனர்.

ஓட்டத்துக்குச் சப்ரகமுவ மண் புதியதன்று. கேகாலை மாவட்டத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 விநாடியில் ஓடிப் பதக்கம் பெற்றார். முதலிடம் பெற்றவர் ஊக்கமருந்துக் குற்றத்தால் பதக்கம் இழந்தமையால் சுசந்திகாவின் வெண்கலம் பின்னர் வெள்ளியாக உயர்ந்தது. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையாரோ 2023 இல், தம் 72 ஆம் வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றார். இவ்விருவரும் அருமையானவர்கள், எனினும் குழுவில் சேர அவர்களைப்போல் ஆக வேண்டியதில்லை. வருவதற்கு மனமிருந்தால் போதும்.

ஒரு தோட்டத்தில் இதைத் தொடங்குவதற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஒரு கிழமையும் ஒரு நேரமும் மாறாமல் இருக்க வேண்டும். இதுவே முதல் விதி. கூடும் இடம் கோயில் முன்றிலாக இருக்கலாம், பிரட்டுக்களமாகவும் இருக்கலாம். புதியவர் முதல் சில வாரங்களில் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கட்டும். ஓடும்போது பக்கத்திலிருப்பவரோடு பேச முடிந்தால் வேகம் சரி. மூச்சு முட்டிப் பேச்சு நின்றால் வேகம் மிகுதி. ஏற்றத்தில் நடப்பது இழுக்கன்று. இறக்கத்தில் பாய்வதோ முழங்காலுக்குக் கேடு. இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குதல் நன்று.

இந்நிலத்துக்கே உரிய எச்சரிக்கைகளும் சில உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடியும் மின்னலும் வலிமையாக வரும். அம்மாதங்களில் காலை ஓட்டமே தக்கது. இவ்விரு மாவட்டங்களும் எலிக்காய்ச்சல் மிகுந்தவை. காலில் காயமுள்ளவர் வயற்சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்கலாகாது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அன்று ஓட்டமே வேண்டாம். அட்டைக்கு அஞ்சுவதை மட்டும் விட்டுவிடலாம். அது மலைநாட்டாருக்குப் பழைய உறவு.

கூட்டத்தால் பெரும்பயன் பெறுவோர் பெண்களே. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக வந்த எத்தனையோ பெண்கள் பள்ளியை விட்டபின் ஒரு நாளும் ஓடுவதில்லை. தனியாக ஓடினால், "எங்கே ஓடுகிறாய்?" என்று கேட்க ஆயிரம் வாய் உண்டு. அக்காளும் அண்ணியும் அயல் லயத்துப் பெண்களும் பத்துப் பேராய்ச் சேர்ந்து ஓடும்போது அந்தக் கேள்வி வலுவிழந்துவிடுகிறது. பயமும் கூச்சமும் தனிமையின் குழந்தைகள். துணை வந்தால் அவை விலகுகின்றன.

முன்னே ஓடிவிட்டவர்கள் கோயில் முன்றிலில் காத்து நிற்கிறார்கள். வளைவில் கடைசியாக வருபவர் ஒருவர் தென்படுகிறார். நடந்தும் ஓடியும் மூச்சு வாங்கியும் வருகிறார். அங்கே தராசு இல்லை, கணக்கேடு இல்லை, அரைப்பேர் போடுவாரும் இல்லை. நிற்பவர்கள் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூவி அழைக்கிறார்கள். அந்த அழைப்பைக் கேட்டவர் அடுத்த வாரமும் வருவார்.