சேறு மூடிய பாறையில் குஞ்சு ஒட்டுமா?

(பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முகத்துவாரத்தை மணல் அடைத்தால் என்ன நேரும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு இந்த ஏரிக்குள் வந்து வளர்கிறது. வழி அடைபட்டால், கடலில் தாய் இறால் இருந்தும் நம் வலை வெறும் வலைதான். தெற்கே மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளின் கதையும் இதுவே.

இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். பவளம் வெறும் கல்லல்ல, செடியுமல்ல. ஆயிரக்கணக்கான சிறு பிராணிகள் கூட்டாக வாழ்ந்து, சுண்ணாம்பால் கட்டிய வீடு அது. அவற்றின் உடலில் குடியிருக்கும் நுண்ணிய பாசி, வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. தண்ணீர் கலங்கினால் வெயில் மறைகிறது. சேறு படிந்தால் மூச்சு முட்டுகிறது.

ஆனால் பவளம் எளிதில் சாவதில்லை. கோழை சுரந்து சேற்றைத் தள்ளுகிறது. உருண்டைப் பவளத்தில் சேறு வழிந்துவிடும். தட்டைப் பவளத்தில் தங்கிவிடும். ஒடிந்த கிளை நல்ல இடத்தில் ஊன்றினால் தனிப் பவளமாக வளரும்.

சந்ததி எப்படி? மார்ச், ஏப்ரல் மாதங்களில், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், கிளைப் பவளங்கள் முட்டையையும் விந்தையும் கடலில் விடுகின்றன. பிறந்த குஞ்சு சில நாள் மிதந்து, சுத்தமான கெட்டிப் பாறையைத் தேடி ஒட்டும். மெல்லிய சேற்றுப் படலம் இருந்தாலே போதும், அது ஒட்டாது!

இங்கேதான் ஏமாந்து போகிறோம். கிழப் பவளம் தாங்கும் சேற்றைக் குஞ்சு தாங்காது. பாறை உயிரோடு இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது பிள்ளைகளில்லாத ஊர்.

பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டினார்கள். மூழ்கி வெட்டியவன் கூலிக்காரன்; லாபம் அவனுக்கல்ல. மிஞ்சியது உருளும் சல்லி; அதில் குஞ்சு நிலைப்பதில்லை. 1986-ல் தேசியப் பூங்கா வந்தது. 2001-ல் பவளம் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. 2005 வாக்கில்தான் வெட்டு ஓய்ந்தது. இன்று ஆராய்ச்சியாளர்கள் பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டி வளர்க்கிறார்கள். அதுவும் சேறு குறைந்த இடத்தில்தான் பலன் தரும்.

ஆகவே தோழர்களே, கடலில் யார் தூர் வாரினாலும், யார் கட்டடம் எழுப்பினாலும், இரண்டு கேள்வி கேளுங்கள்: கிளம்பும் சேறு எங்கே போய்ப் படியும்? அது குஞ்சு பிறக்கும் மாதமா? தாய் பிழைத்திருக்கிறது என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். குஞ்சுக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்!