மின்சாரம் மீண்ட பின்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலே நீர் இறைப்போர், வாய்க்காலைச் செப்பனிட்டுப் பாத்தியின் வாயைத் திறந்த பின்னரே இயந்திரத்தை இயக்குவர். முறை மாறினால் நீர் வழியிலேயே வீணாகும். அக்குடாநாட்டிலே மென்பொருள் ஆக்கும் இளைஞருக்கும் இத்தகைய ஒழுங்கொன்று உண்டு.

வேலைக்கு அமர்ந்ததும் அவர்கள் கணினியிலே முனையம் எனப்படும் கட்டளைத் திரையைத் திறப்பர். ஒரு தாவலிலே தரவுத்தளம், அடுத்ததிலே சேவையகம், மற்றொன்றிலே பயனர் காணும் பக்கம், இன்னுமொன்றிலே பிழைப்பதிவு என ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டளையைத் தட்டச்சிடல் வேண்டும். நாளுக்கு ஒருமுறையாயின் இது பெரிதன்று. ஆனால் 2022 மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதே! மின்கலமற்ற மேசைக் கணினி அணைந்தால், திறந்திருந்த யாவும் மறைந்துவிடும். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறைத் துணைமின்நிலையத்திலே குரங்கொன்று புகுந்ததாற்கூட நாடு இருண்டது. நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

இதற்குப் பரிகாரம் பழையது. 1960களின் முற்பகுதியிலேயே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே லூயி பூசான் என்னும் பிரெஞ்சு அறிஞர், கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து ஒரே ஏவலில் இயக்கும் 'ரன்கொம்' என்பதை ஆக்கினார். 2007இல் வெளிவந்த 'டீமக்ஸ்' என்னும் மென்பொருளோ, ஒரே முனையத்தினுள் பல திரைகளை வைத்திருக்க உதவுகிறது. இணைப்பு அறுந்தாலும் அதன் அமர்வு தொடரும். கணினியே அணைந்தால் தொடராது. ஆகவே, எத்திரையில் எக்கட்டளை என்பதைக் கோப்பில் எழுதிவைத்தல் இன்றியமையாதது. மின்சாரம் மீண்டதும் ஒரு சொல்லைத் தட்டினாற் போதும்.

எனினும், பலர் இடறுவது இங்கேதான். எல்லாக் கட்டளைகளையும் ஒருங்கே ஏவினால், தரவுத்தளம் ஆயத்தமாகுமுன்னரே சேவையகம் அதனை நாடிச் சென்று, விடை பெறாது வீழ்ந்துவிடும். பத்து விநாடி பொறுத்திரு எனக் கட்டளையிடுவோரும் உளர். அது குருட்டுக் கணக்கு. திடீரென அணைந்த தரவுத்தளம் தன்னைச் சீர்செய்து எழுவதற்கு அதனினும் கூடுதலான நேரம் பிடிக்கலாம். ஆயத்தமா என இடையிடையே வினவி, ஆம் என்ற விடை கிடைத்த பின்னரே அடுத்ததை ஏவுதல் முறை. பாத்தியின் வாய் திறந்ததா எனப் பார்ப்பது போன்றதே அது.

அக்கோப்பை நிரலோடு சேர்த்தே பேணுதல் நன்று. திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் பயின்று புதிதாய் வேலைக்கு வரும் ஒருவர், மூத்தவர் ஒருவரின் ஞாபகத்தை நம்பிக் காத்திராது முதல்நாளே வேலையைத் தொடங்கலாம். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதலாகாது.