தொண்டு என்னும் சொல்லும் ஊழியத்தின் உரிமையும்

(வடபகுதியில் சமூகப் பணியாற்றும் பெண்களின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உங்களிற் சிலருடைய நியமனக் கடிதங்களை வாசித்துவிட்டே இம்மேடைக்கு வந்திருக்கின்றேன். அவற்றுள் ‘சம்பளம்’ என்ற சொல்லைத் தேடித்தான் காணவேண்டும். ஊக்குவிப்புத் தொகை என்றும், பிரயாணப்படி என்றும், தொண்டருக்கான உதவிப்பணம் என்றும் பலவாறாக எழுதியிருக்கின்றார்கள். இப்பெயர் மாற்றம் தற்செயலாக நேர்ந்ததன்று. சம்பளம் என்று எழுதினால் அதன் பின்னே சேமலாப நிதி வரும், பணிக்கொடை வரும், பேறுகால விடுமுறை வரும். தொண்டு என்று எழுதினாலோ எல்லாம் ஒரு நன்றியுரையோடு முடிந்துவிடும்.

2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரும், 2009 இல் யுத்தம் முடிவுற்ற பின்னரும், இம்மண்ணிலே நிவாரணப் பணியைத் தோளிற் சுமந்தவர்கள் யார்? விடியற்காலைப் பஸ்ஸில் வன்னிக்குச் சென்று, குளக்கட்டு வழியே நடந்து, கணவனை இழந்தவளின் திண்ணையிலும், காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயின் அருகிலும் அமர்ந்து, அவர்களின் துயரைக் கேட்டெழுதியவர்களிற் பெருந்தொகையினர் பெண்களே. நிதி வழங்கிய நாட்டுக்குச் சென்ற அறிக்கையில் எத்தனை குடும்பங்கள் பயனடைந்தன என்ற கணக்கு இருந்தது. கேட்டெழுதியவள் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்ற கணக்கு இருக்கவில்லை. திட்டம் முடிந்ததும் அவளுடைய வேலையும் முடிந்தது. அடுத்த திட்டம் வந்தால் அதே மேசை, அதே வேலை, புதிய கடிதம். பழைய சேவைக்காலம் பூச்சியம்!

1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் ‘வேலையாள்’ என்பதற்குத் தரும் வரைவிலக்கணம் மிக விரிவானது. எழுத்திலோ வாய்மொழியிலோ ஏற்பட்ட உடன்படிக்கையின்கீழ், எந்நிலையில் வேலை செய்பவரும் அதனுள் அடங்குவர். தொண்டர் என்று கடிதத்தில் எழுதிவிட்டமையால் மாத்திரம் வழக்கு முடிந்துவிடாது. கட்டளையிட்டவர் யார், பணம் கொடுத்தவர் யார், வரவைக் குறித்தவர் யார் என்பனவே கேள்விகள். ஆயின் வேலை போன நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். “அடுத்த திட்டம் வரும், பொறு பிள்ளை” என்ற ஆறுதலை நம்பியே அக்காலத்தைக் கடத்திவிடுகின்றோம்.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்த வேண்டும். ஒரேயொரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்காரருக்கும் இது கடமை. ஆனால் 10 பேருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட சமய, சமூகசேவை நிறுவனங்களுக்கு விலக்கு! கிராமக் கோவிலுக்கு இது பொருந்தலாம். வெளிநாட்டு நிதியும் வாகனமும் கணக்காய்வாளரும் உள்ள நிறுவனம், ஒன்பது பேரைச் சம்பளப் பட்டியலிலும் ஏனையோரைத் தொண்டர் பட்டியலிலும் எழுதி அதே வாயிலால் நுழையப் பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்துக்கோ 15 ஊழியரும் 5 வருடச் சேவையும் வேண்டும். வருடந்தோறும் புதுக் கடிதம் தருவதன் இரகசியம் இப்போது விளங்குகின்றதல்லவா?

நிதி தருவோர் ஊழியர் செலவுக்குத் தருவதில்லை என்று பணிப்பாளர்கள் கூறுகின்றார்கள். சிறிய நிறுவனங்கள் சில உண்மையிலேயே திண்டாடுகின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திட்ட மதிப்பீட்டில் எரிபொருளுக்கு ஒரு வரி எழுதத் தெரிந்தவர்களுக்கு, இந்த 12 சதவீதத்துக்கும் ஒரு வரி எழுதத் தெரியாதா? கிராமப் பெண்களுக்கு உரிமை வகுப்பு நடத்த அனுப்பப்படுகின்றவளுக்குத் தன் உரிமையைக் கேட்க வாயில்லை என்பது எவ்வளவு வெட்கக்கேடு!

ஆகவே அவ்விலக்கை நீக்குமாறு அரசாங்கத்தைக் கேட்போம். அதற்குச் சங்கம் வேண்டும். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவுக்கு விண்ணப்பிக்க 7 பேர் போதும். இம்மண்டபத்தின் முன்வரிசையிலேயே அதற்கு மேல் இருக்கின்றீர்கள்.

கடிதங்களையும் வங்கிச் சீட்டுகளையும் களக்குறிப்பேட்டையும் கொண்டுவந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். கடைசியாக வேலை செய்த திகதியை முதலில் எழுதித் தாருங்கள். 6 மாதம் நெருங்கியவர்களின் காரியத்தை இன்றிரவே பார்ப்போம்.