வேப்பிலை சொல்லும் செய்தி



நம் வீடுகளில் எத்தனையோ வழக்கங்கள் உள்ளன. "ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று பிள்ளைகள் கேட்டால், "அது பெரியவங்க காலத்து வழக்கம், கேள்வி கேட்காதே" என்று வாயை அடைத்துவிடுகிறோம். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித் தரும் எனக்கு அந்தப் பதில் போதுவதில்லை. பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. சமயத்தின் பெயரால் நாம் கைக்கொள்ளும் வழக்கங்களில் பல, கூடி வாழ்ந்த மக்களின் ஏதோ ஒரு தேவையிலிருந்து பிறந்தவை. அந்தத் தேவை எது என்று தெரிந்தால், வழக்கத்தில் எதைக் காக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்று ஒரே ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் என்ன செய்கிறோம்? வாசலில் வேப்பிலை செருகுகிறோம். அந்த வீட்டார் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. பிறரும் அங்கே வருவதில்லை. நோயாளியின் துணியை வெளியே சலவைக்குப் போடுவதில்லை. வீட்டில் தாளிப்பதில்லை, பொரிப்பதில்லை. இளநீர், மோர், கூழ் கொடுக்கிறோம். கொப்புளம் காய்ந்த பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரால் தலைக்கு ஊற்றுகிறோம். நோய் என்றுகூடச் சொல்வதில்லை. "ஆத்தா வந்திருக்கிறாள்" என்கிறோம்.

இந்த முறைகள் பெரியம்மைக் காலத்தில் வேரூன்றியவை. அந்த நோய் கண்ட பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் இறந்தனர். பிழைத்தவர் முகத்தில் தழும்பு விழுந்தது. சிலருக்குப் பார்வையும் போயிற்று. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர் 1796 ஆம் ஆண்டில் அம்மை குத்தும் முறையைச் சோதித்துக் காட்டினார். அது நம் முன்னோரின் கிராமங்களுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

மருந்தே இல்லாத ஊரில் கொடிய தொற்றுநோய் வந்தால், ஊரார் இரண்டு காரியங்களைச் செய்தாக வேண்டும். நோய் பரவாமல் தடுக்க வேண்டும். நோயாளியையும் கைவிடாமல் பார்க்க வேண்டும். "கிட்டே போகாதே" என்கிறது ஒன்று. "கிட்டவே இரு" என்கிறது மற்றொன்று. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிய முடிச்சுதான் நம் வழக்கம்.

வாசலில் தொங்கும் வேப்பிலை ஓர் அறிவிப்புப் பலகை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் படித்துவிடுவார். படித்தவர் ஒதுங்கிப் போவார். அதனால் அவருக்கும் மனக்குறை இல்லை, வீட்டாருக்கும் அவமானம் இல்லை. தெய்வம் வந்திருக்கும் வீடு என்ற மரியாதை இரு பக்கத்தையும் காத்தது.

உள்ளே இருக்கும் நோயாளியின் கதி என்ன? உடம்பெல்லாம் கொப்புளம் வெடித்து நாறும் ஒருவரை, தொற்றிவிடும் என்ற பயத்தில் போட்டுவிட்டு ஓடுவது மனித இயல்பு. ஆனால், அந்த உடம்பில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நம்புகிறவர் ஓட முடியாது. முகம் சுளிக்க முடியாது. கடிந்து ஒரு சொல் சொல்ல முடியாது. பணிவிடை அங்கே பக்தி ஆகிவிட்டது.

தலைக்கு ஊற்றும் நாளும் ஓர் எல்லைக்கோடுதான். சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குக் கட்டும்வரை நோய் பிறருக்குத் தொற்றும் என்று மருத்துவம் சொல்கிறது. பொருக்குக் காயும்வரை காத்திரு என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதைத்தானே!

நம் முன்னோர் கடல் கடந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தபோது இந்த வழக்கமும் கூடவே வந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், பொதுக் குழாய், நெருக்கமான வாழ்க்கை. லயத்தில் தொற்று எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வேப்பிலைக்கு இங்கே வேலை கூடிற்று. மாரியம்மனும் தோட்டந்தோறும் குடிகொண்டாள். மாரி என்றால் மழை. உழவருக்கு மழை வாழ்வு. பால் வெட்டுகிறவருக்கோ மழை பெய்தால் வெட்டு நின்றுவிடும். ஆயினும் அவள் திருவிழா நிற்கவில்லை. பல ஊர்களிலிருந்து வந்து, சொந்தபந்தம் அருகில் இல்லாமல் வாழ்ந்த மக்களை ஓரிடத்தில் கூட்டிய நாள் அது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980 ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. அதற்காக மாரியம்மன் கோயில்கள் வெறிச்சோடிப் போகவில்லையே! ஒரு தேவை மறைந்தாலும், கூடிவாழும் தேவை மறையவில்லை.

நேயர்களே, இனிதான் கவனமாகக் கேட்க வேண்டும். வழக்கத்தின் நோக்கத்தை மறந்து அதன் உருவத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், காக்க வந்ததே கெடுக்கும். "ஆத்தா வந்திருக்கிறாள், டாக்டரிடம் போனால் கோபித்துக்கொள்வாள்" என்று பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பது அப்படிப்பட்ட பிழை. மருத்துவம் இல்லாத காலத்தில் பிறந்த வழக்கம், மருத்துவத்தைத் தடுக்கப் பிறந்ததன்று. தட்டம்மை சில பிள்ளைகளுக்கு நுரையீரல் சுரமாக முற்றி உயிரையே வாங்கிவிடும். மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளை தண்ணீரும் குடிக்காமல் மயங்கிக் கிடந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அம்மை கண்ட கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் அம்மைக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கக் கூடாது. தட்டம்மைத் தடுப்பூசி மலேசியாவில் 1982 ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்குப் போடப்பட்டு வருகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இன்று நம் பக்கத்து வீட்டில் இருப்பவர் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். நம்மில் பலர் தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கும் போய்விட்டோம். நம் வேப்பிலையின் பொருள் அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அறிவிப்பதுதான் அதன் நோக்கம் என்றால், வாய் திறந்து சொல்லிவிடுவதே முறை. பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். பள்ளிக்கும் தகவல் அனுப்புங்கள். உடம்பு முற்றும் தேறும்வரை பிள்ளையை வகுப்புக்கு அனுப்பாதீர்கள். பாடம் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். அதைப் பிறகு சொல்லிக் கொடுத்துவிடலாம்.

வேப்பிலை வாசலில் இருக்கட்டும்; மருத்துவர் எழுதித் தந்த மருந்து வீட்டுக்குள் இருக்கட்டும். ஒன்றை ஒன்று விரட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் பிள்ளை ஏதேனும் ஒரு வழக்கத்தைக் காட்டி "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். அருகில் உட்கார வைத்து, அதனால் யாருக்கு என்ன நன்மை என்று இருவருமாகத் தேடிப் பாருங்கள். அந்த நன்மையைப் பிடித்துக்கொண்டால், வழக்கமும் வாழும், நாமும் வாழ்வோம்.