சுதேசமித்திரன் மேஜை

நண்பர் ஐவரோடு சேர்ந்து 1878-ஆம் ஆண்டில் ‘ஹிந்து’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைச் சென்னையில் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், ஆங்கிலம் கற்ற சிலரிடம் மாத்திரம் ராஜாங்க விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தால் தேசம் விழித்துக்கொள்ளாது என்று உணர்ந்து, 1882-இல் ‘சுதேசமித்திரன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே சொற்பமாயிருந்த அந்நாளில் சந்தாவை நம்பித் தமிழில் பத்திரிகை நடத்துவது பெரும் துணிவு. எனினும் ஐயர், 1898-இல் ‘ஹிந்து’விலிருந்து விலகியதும் தமது முழுச் சக்தியையும் இதிலேயே செலுத்தி, மறு ஆண்டே இதைத் தினசரியாக்கினார். பிறருக்கு உபதேசித்த சீர்திருத்தத்தைத் தம் வீட்டில் முதலில் நடத்திக் காட்டியவர் அவர். இளமையிலேயே விதவையான தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்துவைத்து, அதனால் நேர்ந்த பகிஷ்காரத்தையும் சகித்துக்கொண்டார்.

நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது சுதேசமித்திரன் காரியாலயத்தின் உதவி ஆசிரியர் மேஜையைப் பற்றி. 1904-இல் மதுரையிலிருந்து வந்து அதில் அமர்ந்த சுப்பிரமணிய பாரதிக்கு வாய்த்த வேலை தலையங்கம் எழுதுவதன்று; ஆங்கிலத் தந்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்குவதே. ருஷியாவுக்கும் ஜப்பானுக்கும் யுத்தம் மூண்டிருந்த காலம் அது. அச்சுக்கோப்பவர் எழுத்துப்பெட்டியின் முன் கைப்பிரதிக்காகக் காத்து நிற்க, அகராதியைப் புரட்டவோ பண்டிதர்களைக் கலந்து யோசிக்கவோ அவகாசமின்றி, பீரங்கிச் சண்டையும் பார்லிமெண்டு விவாதமும் கிராமத்து மிராசுதாருக்கும் கடைவீதி வியாபாரிக்கும் விளங்கும்படி உடனுக்குடன் தமிழாக வேண்டும். பாரதியின் உரைநடையில் நாம் வியக்கும் வேகமும் தெளிவும் இந்த அவசரத்தில் பயின்று வந்தவை என்பது என் துணிபு.

1908-இல் சர்க்கார் ராஜதுரோகக் குற்றம் சாட்டி ஐயரைக் கைது செய்தது. பிறகு நோயால் நலிந்த அவர், 1915-இல் பத்திரிகையை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்து, மறு ஆண்டு காலமானார். 1920-இல் அதே பத்திரிகைக்குத் திரும்பி வந்த பாரதி, மறு ஆண்டு மறையும் வரையில், தாம் சென்று வந்த ஈரோட்டு யாத்திரை உட்படப் பலவற்றையும் அதில் எழுதினார்.

1985-இல் சுதேசமித்திரன் நின்றுபோயிற்று. பழைய இதழ்கள் பல இன்னும் கிடைத்தபாடில்லை. ஆகையால், உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் பெட்டியிலோ சுதேசமித்திரன் இதழ் ஒன்று மடிந்து கிடந்தாலும், தயைகூர்ந்து அதை எடைக்குப் போட்டுவிடாமல், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றதோர் இடத்தில் சேர்ப்பித்துவிடுங்கள்.